ஹெட்செட் வாங்கப் போன கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் போன் செய்தான். பைலட் பயிற்சியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. பள்ளி இருப்பது இங்கே லக்னோவிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம். அதனால் இந்தப் பக்கத்தில் அவனுக்கு நான்தான் கார்டியன்.

"மாமா, ஒரு ஹெட்செட் வாங்கணும். ரெண்டு பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு முப்பத்தஞ்சாயிரத்துக்கு மேல ஆகும். இன்னொண்ணு லட்சத்தைத் தாண்டும். எதை வாங்கட்டும்?"

"ஏண்டா, ஸ்கூல்ல குடுக்க மாட்டாங்களா?"

"குடுப்பாங்க. இருபது பேர் மாட்டிக் கழட்டினது. காதுல வைக்கிற மெத்தை கிழிஞ்சு கிடக்கு. இன்ஜின் சத்தம் அப்படியே உள்ள வருது. ஆனா அப்பா அதே போதும்னு சொல்றாங்க."

நான் பி.காம். விமானத்தில் எனக்குத் தெரிந்தது ஜன்னலோர சீட் மட்டும்தான். ரெண்டு நாள் டைம் கொடு என்று சொல்லிவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். ரெண்டு நாள் ரெண்டு வாரம் ஆகிவிட்டது. விலை பார்க்கப் போனவன் சரித்திரத்தில் மாட்டிக்கொண்டேன். அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். வீட்டில் பைலட் கனவோடு பிள்ளை இருப்பவர்களுக்குக் கடைசியில் உபயோகமாகவும் இருக்கும்.

இன்றைய ஹெட்போனின் முன்னோடி ஒன்று பிறந்தது ஒரு சமையலறையில். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின் என்பவர் வீட்டுச் சமையலறை மேஜையில் வைத்து ஒரு ஜோடி செய்து, 1910 வாக்கில் கடற்படைக்கு அனுப்பி வைத்தார். அவர்கள் சோதித்துப் பார்த்து அசந்து போய் ஆர்டர் கொடுத்தார்கள். ஆனால் ஒரு தடவைக்குப் பத்துதான் தர முடியும் என்றார் மனிதர். ஏனென்றால் செய்கிற இடம் இன்னும் சமையலறைதான்! தலையில் மாட்டும் அந்த வளைவுப் பட்டைக்குப் பேட்டன்ட் எடுக்கச் சொன்னபோது, இது ரொம்பச் சின்ன விஷயம் என்று விட்டுவிட்டாராம். இன்றைக்கு உலகத்தில் எத்தனை கோடித் தலைகளில் அந்தச் சின்ன விஷயம் உட்கார்ந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

அது கப்பலில் வயர்லெஸ் கேட்பவர்களுக்கானது. கப்பலின் வயர்லெஸ் அறையில் ஓரளவு அமைதி உண்டு. விமானம் அப்படியில்லை. முகத்துக்கு நேரே இன்ஜின், தலைக்கு மேலே திறந்த வானம், காது முழுக்கக் காற்று. பின் சீட்டில் இருப்பவர் கத்தினாலும் முன் சீட்டில் இருப்பவருக்குக் கேட்காது.

இந்த இடத்தில்தான் மாணவன் கதைக்குள் வருகிறான். முதல் உலகப்போர் சமயத்தில் பிரிட்டனில் விமானப் பயிற்சி என்பது பெரும்பாலும் சைகைதான். வாத்தியார் தோளைத் தட்டுவார், கையை ஆட்டுவார். அதுவும் போதாவிட்டால் இன்ஜினைத் தணித்துவிட்டுக் கத்துவார். 1917-ல் காஸ்போர்ட் என்ற ஊரில் ராபர்ட் ஸ்மித்-பேரி என்ற அதிகாரி பயிற்சி முறையையே மாற்றி அமைத்தார். ஆபத்தான நிலைகளைத் தவிர்க்கச் சொல்லித் தராமல், அந்த நிலைக்கே மாணவனைக் கொண்டுபோய், அதிலிருந்து மீண்டு வரக் கற்றுக் கொடுப்பது அவர் முறை. அதற்குப் பறக்கும்போதே பேசியாக வேண்டும். அதற்காக வந்ததுதான் காஸ்போர்ட் குழாய்.

பெரிய விஞ்ஞானமெல்லாம் இல்லை. ஒரு பக்கம் வாத்தியார் வாய்க்குப் புனல். நடுவில் குழாய். மறு பக்கம் மாணவனின் தோல் தொப்பியில் இரண்டு காதுக்கும் போகிற முனைகள். டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பைக் கொஞ்சம் நீட்டி வைத்தது மாதிரி. பல விமானங்களில் இது ஒருவழிப் பாதை. வாத்தியார் திட்டலாம், மாணவன் கேட்டுக்கொள்ளலாம், பதில் சொல்ல முடியாது. (நம் பள்ளிக்கூட நாட்கள் நினைவுக்கு வருகிறதா?) கரண்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம் என்பதால் இந்தக் குழாய் இரண்டாம் உலகப்போர் வரைக்கும் பயிற்சி விமானங்களில் நீடித்தது.

அதே 1917-ல் அமெரிக்காவில் ரேடியோ மூலம் விமானத்துக்குக் குரல் அனுப்பும் முயற்சியில் ராணுவமும் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியும் இறங்கின. ரேடியோவை விடப் பெரிய தலைவலி அவர்களுக்குக் காதுதான். குரல் வந்து சேர்ந்தது, ஆனால் இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. ஆகவே காதை இறுக்கி மூடும் தொப்பி, அதற்குள் டெலிபோன் ரிசீவர், இன்ஜினை விட்டுவிட்டுக் குரலை மட்டும் பிடிக்கிற மைக் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார்கள். 1918-ல் போர் முடிவதற்குள் அது பெரிய அளவில் போர்முனைக்குப் போய்ச் சேரவில்லை. ஆனால் இன்றைய ஹெட்செட்டின் மூன்று வேலைகளும் அப்போதே முடிவாகிவிட்டன: வெளிச் சத்தத்தைத் தடுப்பது, உள்ளே குரலைக் கொண்டுவருவது, நம் குரலை மட்டும் வெளியே அனுப்புவது.

நம் ஊர் நிலைமை? 1929 பிப்ரவரியில் ஜே.ஆர்.டி. டாடா இந்தியாவின் முதல் நம்பர் பைலட் லைசென்ஸ் வாங்கினார். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்கு ஒரு குட்டி புஸ் மாத் விமானத்தில் தபால் கொண்டு வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாக மதராஸுக்குக் கொண்டுபோனார். ஏர் இந்தியாவின் பூர்வகதை அதுதான். அந்த விமானத்தில் ரேடியோவே கிடையாது. பேச ஆளில்லாத இடத்தில் ஹெட்செட் எதற்கு? காதில் விழுந்ததெல்லாம் இன்ஜின் மட்டும்தான்.

இரண்டாம் உலகப்போரில் எல்லாம் மாறிப்போனது. குண்டுவீச்சு விமானத்தில் பத்துப் பேர் வரை இருப்பார்கள், ஒருவரோடு ஒருவர் பேசியாக வேண்டும். லட்சக்கணக்கில் ஹெட்செட்டும் மைக்கும் தயாராயின. அமெரிக்க ராணுவம் இரண்டு பிளக்குகளை வைத்துக்கொண்டது. காதுக்குப் பெரியது ஒன்று, பெயர் பிஎல்-55. மைக்குக்குச் சற்றே ஒல்லியானது, பெயர் பிஎல்-68. மாற்றிச் செருகிவிடக் கூடாது என்றுதான் இரண்டு அளவு.

அந்தப் பெரிய பிளக் கால் அங்குலம் தடிமன். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? பழைய படங்களில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் காட்சி பார்த்திருப்பீர்கள். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கி வேறு ஓட்டையில் செருகுவார்களே, அதே பிளக்தான். 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. இன்றும் செஸ்னா விமானத்தில் ஏறும் மாணவன் அந்த இரண்டு பிளக்கைத்தான் செருகுகிறான்.

மைக் கதை இன்னும் வேடிக்கை. அந்தக் காலத்து மைக்கில் கார்பன் துகள்கள் இருக்கும். குரல் பட்டால் துகள்கள் நெருங்கி விலகும், அதற்கேற்ப மின்சாரம் கூடிக் குறையும். ஆகவே விமானம் அந்த மைக்குக்கு மின்சாரம் தர வேண்டும். கார்பன் மைக் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனால் விமான ரேடியோக்கள் இன்னும் அந்த மின்சாரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. புது மைக்குகள் அந்த மின்சாரத்தில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரை ஓட்டிக்கொண்டு, தானும் ஒரு கார்பன் மைக் என்று ரேடியோவிடம் நடிக்கின்றன. பேங்கில் கம்ப்யூட்டர் வந்த பிறகும் பழைய லெட்ஜர் ஃபோலியோ நம்பர் எழுதிக்கொண்டிருந்த பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதே கேஸ்.

போர் முடிந்து சின்ன விமானங்கள் சாதாரண ஜனங்கள் கைக்கு வந்தன. இங்கேதான் எனக்கு ஆச்சரியம். ஹெட்செட் வளர்ந்திருக்க வேண்டும் இல்லையா? மாறாக, அதைக் கழற்றி வைத்துவிட்டார்கள்! தலைக்கு மேலே கூரையில் ஒரு ஸ்பீக்கர். கையில் பிடிக்கிற ஒரு மைக். 1950-களிலிருந்து 70-கள் வரை பெரும்பாலான சின்ன விமானங்களில் அவ்வளவுதான். ஹெட்செட் கனமானது, தலையை இறுக்கும், பார்க்கவும் அசௌகரியம். இன்ஜின் சத்தத்தை மீறிக் கேட்க ஸ்பீக்கரை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தார்கள். சத்தத்துக்கு மேல் சத்தம். அந்தத் தலைமுறை பைலட்டுகளில் பலருக்கு வயதாகும்போது காது மந்தம். தொழில் என்றால் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பெரிய விமான பைலட்டுகளுக்கு மட்டும் ஒரு வழி பிறந்தது. 1961-ல் கலிஃபோர்னியாவில் இரண்டு விமானிகள் சேர்ந்து ப்ளாண்ட்ரானிக்ஸ் என்ற கம்பெனி ஆரம்பித்து, காதருகே தொங்கும் பறவை எடை ஹெட்செட் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 1969-ல் நிலாவிலிருந்து ஆம்ஸ்ட்ராங் பேசியது அந்தக் கம்பெனியின் ஹெட்செட் வழியாகத்தான். ஆனால் ஜெட் விமானத்தின் காக்பிட் ஓரளவு அமைதியானது. இன்ஜின் மூக்கில் இருக்கிற பயிற்சி விமானத்துக்கு அது போதாது.

அதற்கு விடை வந்தது ஒரு உள்ளாடைக் கம்பெனியிலிருந்து. நிஜமாகத்தான்! டேவிட் கிளார்க் என்பவர் மாசசூசெட்ஸில் வூஸ்டர் நகரத்தில் 1935-ல் ஆரம்பித்தது பின்னலாடைத் தொழில். உடம்பை இறுக்கிப் பிடிக்கும் துணியில் கைதேர்ந்தவர். போர் வந்தபோது, விமானம் வேகமாகத் திரும்பும் சமயத்தில் பைலட்டின் ரத்தம் காலுக்கு இறங்கி மயக்கம் வராமல் தடுக்கும் இறுக்கமான உடை தேவைப்பட்டது. அவருக்குத் தெரிந்த வேலை. பிறகு விண்வெளி உடைகள். ஜெட் இன்ஜின் பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் காதுக் கவசம். கடைசியில் 1975-ல் சின்ன விமான பைலட்டுகளுக்கென்று சத்தம் தடுக்கும் ஹெட்செட். பச்சை நிறத்தில் இரண்டு கிண்ணங்கள், ஓரத்தில் மெத்தை, தலையில் பட்டை. எந்த ஃப்ளையிங் கிளப் போட்டோவிலும் யாராவது ஒருவர் தலையில் அந்தப் பச்சை இருக்கும். மாப்பிள்ளை சொன்ன முப்பத்தஞ்சாயிரம் ரூபாய் ஹெட்செட் இந்த வம்சம்தான்.

லட்ச ரூபாய் ஹெட்செட்டின் வம்சம் வேறு. சத்தம் என்பது அலை. அதற்கு நேர் எதிரான இன்னொரு அலையை உண்டாக்கி மோதவிட்டால் இரண்டும் கழிந்து போகும். டெபிட்டும் கிரெடிட்டும் நேரானால் பேலன்ஸ் பூஜ்யம் என்பது போல. இந்த யோசனைக்கு பால் லூயக் என்ற ஜெர்மானியர் 1936-லேயே அமெரிக்கப் பேட்டன்ட் வாங்கிவிட்டார். செய்து காட்டத்தான் அன்றைய எலக்ட்ரானிக்ஸில் வழியில்லை.

1978-ல் ஜூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்துகொண்டிருந்தார் பேராசிரியர் அமர் போஸ். இவருடைய அப்பா கல்கத்தாவில் சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டு, 1920-ல் அமெரிக்காவுக்குப் போய்விட்டவர். விமானத்தில் கொடுத்த ஹெட்போனை மாட்டிப் பார்த்தால் பாட்டை விட விமான இரைச்சல்தான் அதிகம். ஒரு நோட்டை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தவர், பாஸ்டன் வருவதற்குள் இது சாத்தியம் என்று முடிவுக்கு வந்துவிட்டார். கணக்கு முடிந்தது ஒரே பயணத்தில். சாமான் கடைக்கு வர 1989 ஆகிவிட்டது.

நடுவில் 1986 டிசம்பரில் டிக் ரூட்டனும் ஜீனா யேகரும் வாயேஜர் என்ற விமானத்தில் எங்குமே இறங்காமல், எரிபொருளும் நிரப்பாமல் உலகத்தைச் சுற்றி வந்தார்கள். ஒன்பது நாள் இன்ஜின் பக்கத்திலேயே வாசம். கேட்கும் திறனில் கணிசமான பகுதி நிரந்தரமாகப் போய்விடும் என்று பயம் இருந்தது. போஸ் கம்பெனியின் சோதனை ஹெட்செட்டுகளோடுதான் போனார்கள்.

சரி, இரண்டில் எது? இங்கே கொஞ்சம் கணக்கு. நாலு சிலிண்டர் செஸ்னாவின் இன்ஜின் நிமிஷத்துக்கு 2400 தடவை சுற்றுகிறது என்று வையுங்கள். வினாடிக்கு 40. புரொப்பெல்லரில் இரண்டு இறக்கை, ஆக வினாடிக்கு 80 அடி. நாலு சிலிண்டரும் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, அதுவும் வினாடிக்கு 80. இரண்டும் சேர்ந்து 80 ஹெர்ட்ஸில் ஒரு அடித்தொனி இரைச்சல். பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் ஸ்பீக்கர் வைத்தால் ஜன்னலைச் சாத்தியதும் பாட்டின் வார்த்தை மறைந்துவிடும், ஆனால் அந்த டம் டம் மட்டும் சுவரைத் தாண்டி வரும் இல்லையா? அதே போல, பச்சைக் கிண்ணம் உயர்ந்த தொனிகளை நன்றாகத் தடுக்கும், டம் டம்மை அவ்வளவாகத் தடுக்காது. எலக்ட்ரானிக் ஹெட்செட் அந்த டம் டம்மைக் கழிக்கும். களைப்பு குறையும், ரேடியோ தெளிவாகக் கேட்கும்.

ஆனால் காதைக் கெடுப்பதில் உயர்ந்த தொனிகளுக்குத்தான் முதலிடம். அதே டெசிபல் அளவில் அடித்தொனி அவ்வளவு சேதம் செய்வதில்லை. ஆகவே காதுக்கு முதல் காவல் கிண்ணமும் மெத்தையும்தான். எலக்ட்ரானிக்ஸ் அதற்கு மேல்.

இன்னொரு கணக்கு. 85 டெசிபல் சத்தத்தில் நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நலத் துறை ஆராய்ச்சி அமைப்பின் பரிந்துரை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு ஒரு மணி, 97-க்கு அரை மணி, 100-க்கு கால் மணி. கூட்டு வட்டி மாதிரி ஏறுகிறது, கவனியுங்கள். சின்ன விமானத்தின் காக்பிட்டில் 90-லிருந்து 100 வரை சாதாரணம். ஒரு பாடம் ஒரு மணி நேரம். கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம். உட்காதில் சத்தத்தைப் பிடிக்கிற நுண்ணிய மயிர் செல்கள் போனால் மனிதர்களுக்கு மறுபடி முளைப்பதில்லை. முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம். அதனால் ஆரம்பத்தில் தெரியவே தெரியாது. சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. பைலட்டின் முதல் வகுப்பு மெடிக்கலில் காதுப் பரிசோதனை உண்டு. சர்வதேச விதிப்படி 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் 35 டெசிபலுக்கு மேலும் 3000 ஹெர்ட்ஸில் 50 டெசிபலுக்கு மேலும் இழப்பு இருக்கக் கூடாது.

இதைப் படித்தபோது அத்தான் ஞாபகம் வந்தது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு மில்லில், தறி ஓடுகிற ஷெட்டில் இருபத்தாறு வருஷம் சூப்பர்வைசர். காதுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பஞ்சை உருட்டி வைத்துக்கொள்வார். இப்போது அவர் வீட்டு டிவி தெருமுனை வரை கேட்கும். போனில் அக்கா பேசுவதை மறுபடி உரக்கச் சொன்னால்தான் அவருக்குப் போய்ச் சேரும். பையனுக்குப் பழைய ஹெட்செட்டே போதும் என்று சொன்னவர் அவர்தான். கஞ்சத்தனம் இல்லை. சத்தம் என்றால் பொறுத்துக்கொள்வது என்றுதான் அவருக்குத் தெரியும்.

பைலட் படிப்புக் கடன் கொட்டேஷன்களை நான் பார்த்திருக்கிறேன். பறக்கும் நேரம், ஹாஸ்டல், யூனிஃபார்ம், பரீட்சைக் கட்டணம் என்று எல்லாம் வரிசையாக இருக்கும். நான் பார்த்தவற்றில் ஹெட்செட் என்று தனி வரி இருந்ததில்லை. இவன் கடனுக்கு அத்தான் வீட்டுப் பத்திரத்தையும் தோட்டத்தையும் பிணை வைத்திருக்கிறார். ஆனால் கடனைக் கட்டப் போவது இவன் சம்பளம். சம்பளம் வருவது மெடிக்கல் இருக்கும் வரைக்கும்தான். கணக்குப் பார்த்தால் வீட்டை விடப் பெரிய பிணை இவன் இரண்டு காதுகள்.

அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அத்தானிடம் போனில் பேசினேன். டெசிபல் எதுவும் சொல்லவில்லை. "அத்தான், நீங்க பஞ்சு வச்சுக்கிட்டீங்களே, அது மாதிரி இவனுக்கு நல்லதா ஒண்ணு" என்றேன். அக்கா உரக்கத் திருப்பிச் சொன்னாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பெருசையே வாங்கிக் குடு மாப்பிள்ளை, பாதி நான் தர்றேன்" என்றார்.

கடைசியில் பச்சையைத்தான் வாங்கினோம், புதிது. பெரியதை வேலை கிடைத்த பிறகு அவன் காசில் வாங்கிக்கொள்ளட்டும். இப்போதைக்குக் காதுக்கு வேண்டியது கிழியாத மெத்தையும் இறுக்கமான மூடலும்தான். இன்னொருவர் மாட்டிக் கழற்றாத, அவன் தலைக்கென்று சரிசெய்த ஒன்று.

பி.கு.: உங்கள் வீட்டிலும் வாங்கப் போகிறீர்களா? செகண்ட் ஹேண்ட் வாங்கினால் மெத்தையைப் புதிதாக மாற்றிவிடுங்கள். பிள்ளை கண்ணாடி போடுகிறவன் என்றால் மெல்லிய காம்பு உள்ள கண்ணாடி நல்லது, தடிமனான காம்பு மெத்தையைத் தூக்கிச் சத்தத்தை உள்ளே விடும். பிளக் இரண்டாக இருக்கிறதா என்று பாருங்கள், ஒற்றைப் பிளக் பெரும்பாலும் ஹெலிகாப்டருக்கு. எலக்ட்ரானிக் வகை என்றால், பேட்டரி தீர்ந்தாலும் ரேடியோ கேட்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரமாவது தலையில் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகள் எதை வைத்திருக்கிறார்கள், இந்த ஊர் மே மாத வெயிலில் எது தாங்குகிறது என்று தெரிந்தால் எனக்கும் எழுதுங்கள்.